இழி: ஒரு வினைச்சொல் இறங்கிய வழி

திருக்குறளின் 964ஆம் பாட்டில் ‘இழிந்த’ என்னும் சொல் இரண்டு முறை வருகிறது. முதலில் மயிருக்கு, பிறகு மாந்தருக்கு. பரிமேலழகர் முதலாவதற்கு ‘வீழ்ந்த’ என்றும் இரண்டாவதற்குத் ‘தாழ்ந்த’ என்றும் பொருள் தருகிறார். பின்வந்த உரைகள் பலவும் இந்தப் பிரிப்பை ஏற்றுக்கொண்டன. இழிதல் என்றால் ஒன்று இறங்குதல், இரண்டு கீழ்மைப்படுதல் என்று எண் போட்டுக் காட்டும் அகராதி முறைக்கும் அது பொருந்திப்போகிறது. ஆனால் அந்தப் பிரிப்பு உரையில் இருக்கிறதே தவிர, குறளில் இல்லை என்பது என் வாதம்.

பழைய பாட்டுகளில் அருவி மலையிலிருந்து இழியும், வீரன் தேரிலிருந்து இழிவான். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சிக்கல் மனிதனின் நிலையைப் பற்றிய இடங்களில்தான் தொடங்குகிறது.

பரிமேலழகர் தம் விளக்கக் குறிப்பில், நிலையை விடாதவரை பேணப்படுதலும் விட்டபின் இழிக்கப்படுதலும் உவமையால் பெறப்படும் என்ற கருத்தைச் சொல்கிறார். உவமையை அவர் விரித்த விதம் அழகானது, மறுக்கவில்லை. ஆனால் ‘இழிக்கப்படுதல்’ என்று எழுதும்போது, பாட்டில் இல்லாத ஒரு பிறவினை உள்ளே வந்துவிடுகிறது. இழிந்தது மயிர், அதை இழித்தவர் யாரும் பாட்டில் இல்லை. தலையில் இருந்தவரை எண்ணெய் தடவி வாரிய மயிரேதான் தரையில் கிடக்கிறது. மயிரின் தன்மை கெடவில்லை, இடம்தான் மாறியது. இரண்டு இடத்திலும் வள்ளுவர் ‘இன்’ உருபோடு, எதிலிருந்து இழிந்தது என்பதைச் சொல்லியே வினையை வைக்கிறார். தலையிலிருந்து, நிலையிலிருந்து. இழுக்கு அந்த ‘நிலை’ என்ற பெயரில் இருக்கிறது. வினை வெறும் இறக்கத்தைத்தான் சொல்கிறது. இரண்டையும் ஒரே வினையால் சொன்னால்தான் உவமை நிற்கும். ஒன்றை வீழ்ச்சியாகவும் மற்றொன்றைத் தாழ்ச்சியாகவும் பிரித்தால் பொதுத்தன்மை உரைகாரர் கையில் கரைந்துவிடுகிறது.

தரம் குறைவதைச் சொல்ல வள்ளுவரிடம் வேறு வினை இல்லாமலில்லை. அடுத்த பாட்டிலேயே, 965இல், மலைபோன்றவர்களும் சிறுமை செய்தால் ‘குன்றுவர்’ என்கிறார். தாழ்ச்சிதான் கருத்து என்றால் குன்றுதலை முந்தைய பாட்டிலும் வைத்திருக்கலாம். ‘மருந்து’ அதிகாரத்தில், 946இல் வரும் ‘இழிவு’ இன்னும் தெளிவானது. அங்கே அது உணவின் அளவு குறைதல்; பரிமேலழகரே ‘குறைதல்’ என்றுதான் உரை சொல்கிறார். உணவுக்கு வந்தால் குறைவு, மயிருக்கு வந்தால் வீழ்ச்சி, மனிதனுக்கு வந்தால் மட்டும் தாழ்ச்சி. வினையின் பொருளை எழுவாய் பார்த்து மாற்றுகிற உரை இது.

என் வாதத்துக்கு இடைஞ்சலான பாட்டும் குறளிலேயே உண்டு. 133இல் ‘இழிந்த பிறப்பு’ என்று வருகிறது. எதிலிருந்து இழிந்தது என்பது அங்கே இல்லை. உருபு போனவுடன் இழுக்கு வினைக்குள் ஏறிக்கொள்கிறது. ஆகவே குறள் காலத்தில் இரண்டு வழக்கும் அருகருகே இருந்தன என்றுதான் சொல்ல முடியும். முந்தையது எது, பிந்தையது எது என்று குறளைக் கொண்டு மட்டும் வரிசைப்படுத்த முடியாது.

பரிமேலழகரை அவர் காலத்து வழக்கு கட்டாயப்படுத்தியது என்று சமாதானம் சொல்லலாம். 13, 14ஆம் நூற்றாண்டு என்று பொதுவாகச் சொல்லப்படும் அவருடைய காலத்தை ஒட்டியே வைணவ வியாக்கியானங்களும் எழுந்தன. அவற்றில் நீராட ‘இழிவார்கள்’. ஆழ்வார் பகவானின் குணங்களைப் பேச ‘இழிகிறார்’. ஒரு காரியத்தில் புகுவது, ஆழத்தில் துணிந்து கால் வைப்பது என்பது அங்கே பொருள். ஆழ்வாரைப் பற்றி இப்படி எழுதியவர்கள் அந்தச் சொல்லில் இழிவைக் கேட்டிருக்க முடியாது.

இனிக் கல்வெட்டு. சோழர் காலத்தில் ஊர்ச் சபை ஒரு தொகையை முன்னதாகப் பெற்றுக்கொண்டு, கோயில் நிலத்தின் மேல் இனி வரி கிடையாது என்று எழுதிக்கொடுக்கும் இடங்களில் ‘இறை இழிச்சி’ என்னும் தொடர் வருகிறது. ‘இறையிலி’ என்ற பெயரைப் பற்றி ஆய்வாளர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். இந்த வினையெச்சத்தை யாரும் அதிகம் நின்று பார்ப்பதில்லை. இழிச்சி என்பது இழித்தியின் பேச்சு வடிவம். விளக்குத் தானக் கல்வெட்டுகளில் ‘வைத்த’ என்பது ‘வைச்ச’ என்றும் வெட்டப்படுவது போலத்தான் இதுவும். இழித்தியோ வீழ்த்தி, தாழ்த்தி போல ‘இழித்து’ என்னும் பிறவினையிலிருந்து பிறந்த எச்சம். இகழ்தலைக் குறிக்கும் இழித்தல் வேறு. அதன் எச்சம் ‘இழித்து’. ஆக இழிதலுக்குப் பிறவினை இரண்டு: கீழே இறக்கும் இழித்துதல், இகழும் இழித்தல். பரிமேலழகரின் குறிப்பில் இருப்பது இரண்டாவது. சபையார் கல்லில் வெட்டியது முதலாவது.

வரி என்பது சுமை. சுமையை இறக்கினால் இழுக்கு எங்கிருந்து வரும், இது சான்றே அல்ல என்று ஒருவர் மடக்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வரியை நீக்குவதற்கு வேறு வினைகளும் இருந்தன. முதலாம் குலோத்துங்கனுக்கு (1070–1122) ‘சுங்கம் தவிர்த்த’ என்பது பட்டப்பெயரே ஆயிற்று. இறைவனுக்குக் கொடுக்கும் நிலத்தைப் பற்றிக் கோயில் சுவரில் எழுதும்போது, இகழ்ச்சி தொனிக்கும் சொல்லை விட்டுத் தவிர்த்தலை எடுத்திருக்கலாமே. எடுக்கவில்லை என்பதால், இறக்குதல் என்ற பொருள் ஊர்வழக்கில் உயிரோடு இருந்தது என்றே கொள்கிறேன்.

இனித் தொல்காப்பியமும் புறநானூறும். ஈ, தா, கொடு என்ற மூன்றில் ஈ என்பதை ‘இழிந்தோன்’ கூற்றாகத் தொல்காப்பியம் வைக்கிறது. ஒப்போன், உயர்ந்தோன் என்ற வரிசையில் வருவதால் அது கேட்பவனுக்கும் கொடுப்பவனுக்கும் இடையிலான ஏற்ற இறக்கம். அந்த ஒரு பரிமாற்றத்துக்குள் மட்டும் செல்லும் அளவு. புறநானூற்றில் அப்படி இல்லை. ‘இழிபிறப்பினோன்’, ‘இழிபிறப்பாளன்’ என்ற சொற்கள் பிறப்பையே கீழாகச் சொல்கின்றன. இவற்றையும் ‘இழிசினன்’ என்பதையும் வைத்து ஜார்ஜ் ஹார்ட், சாதித் தாழ்வு தமிழகத்தில் மிகப் பழமையானது என்று வாதிட்டார். வினை நடுநிலையானது என்று காட்டி அந்தத் தாழ்வை மழுப்ப முடியாது. எனக்கு அந்த நோக்கமும் இல்லை.

‘இழிசினன்’ பற்றி மட்டும் ஒரு கருத்து. குறுந்தொகையின் ‘அறிந்திசினோர்’ போல, தொல்காப்பியம் அசையாகச் சொல்லும் ‘சின்’ இதிலும் இருக்கலாம். இருந்தால் இழிந்தவன் என்பதே நேர்ப்பொருள். புறம் 82இல் கட்டில் பின்னும் இழிசினனின் ஊசி வேகத்தைத்தான் புலவர் சாத்தந்தையார் அரசனின் போர் வேகத்துக்கு ஒப்பிடுகிறார். திட்டும் தொனி அங்கே இல்லை. அது தொழிலாளிக்கு நிலைத்துவிட்ட பெயர். எதிலிருந்து இழிந்தவன் என்ற கேள்வியை யாரும் கேட்காத அளவுக்கு நிலைத்துவிட்டது. இந்தச் சொல்முடிபு உறுதியானதல்ல. மாற்று விளக்கம் தருவோர் தரலாம்.

கடைசியாக நடந்தது எளிது. சங்கப் பாட்டில் இறங்குதல் பெரும்பாலும் கதிரும் குலையும் வளைந்து தொங்குவது. அந்தச் சொல் மெல்ல மெல்ல மேலிருந்து கீழே வருவதற்கெல்லாம் பொதுவாயிற்று. இழிதலிடம் இழிவு மட்டுமே எஞ்சியது. இது எந்த நூற்றாண்டில் முடிந்தது என்று அறுதியிட முடியவில்லை. கன்னடத்தில் அதே வேர்ச்சொல்லான ‘இளி’ இன்றும் பேருந்திலிருந்து இறங்குவதற்கும் விலை இறங்குவதற்கும் வழங்குகிறது.

கல்வெட்டுத் தொகுதிகளுக்குச் சொல்லடைவு தயாரிப்போர் ஊர்ப்பெயர், ஆள்பெயர், வரிப்பெயரோடு நிறுத்திவிடாமல், ‘இழிச்சி’ போன்ற வினைகளையும் ஆட்சியாண்டோடு சேர்த்துத் தர வேண்டும். அந்தப் பட்டியல் கையில் இல்லாமல் இந்தக் காலக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது.