மில்ற்றன்மீது சுமத்தப்பட்ட களவு

பிறர் எழுத்தைத் தம் எழுத்தெனக் காட்டுவோரை இலக்கியக் களவர் என்கின்றோம். களவு செய்யாத ஒருவரைக் களவர் எனக் காட்டுதற்காகவே சான்றுகளைப் புனைந்த அறிஞர் ஒருவரும் இருந்தார். அவரால் தூற்றப்பட்டவரோ, 'சுவர்க்க நீக்கம்' எனத் தமிழில் வழங்கும் பெருங்காப்பியத்தை 1667இல் வெளியிட்ட ஆங்கில மகாகவி மில்ற்றன்.

வில்லியம் லோடர் ஸ்கொத்லாந்து நாட்டவர். எடின்பரோப் பல்கலைக்கழகத்திற் பயின்றவர். இலத்தீன் மொழியில் ஆழ்ந்த புலமையுடையவர். கோல்ப் பந்தொன்று முழங்காலிற் பட்டமையால் ஒரு காலை இழந்தார். நாடிய பதவிகளும் கைகூடவில்லை. 1739இல், ஆதர் யோன்ஸ்ற்றன் என்னும் தம் நாட்டுக் கவிஞரின் இலத்தீன் சங்கீதங்களைப் பதிப்பித்தார். சில ஆண்டுகளில் கவிஞர் போப் தமது அங்கதச் செய்யுளொன்றில் யோன்ஸ்ற்றனை மில்ற்றனோடு ஒப்பிட்டு எள்ளி நகையாடினார். தம் பதிப்பு விலைப்படாமைக்கு அவ்வேளனமே காரணம் என லோடர் கருதினார். எள்ளியவர் போப், சினம் பாய்ந்ததோ, இறந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட மில்ற்றன்மேல்!

1747இல் இலண்டன் மாசிகையொன்றில் லோடர் கட்டுரைகள் எழுதத் தொடங்கினார். யேசுசபைத் துறவியான மசேனியஸ், ஒல்லாந்தரான குரோஷியஸ், ஸ்தபோர்ஸ்ற் முதலிய இலத்தீன் கவிஞரிடமிருந்து மில்ற்றன் களவாடினார் என்பதே அவர் வாதம். இரு பகுதிகளையும் அருகருகே வைத்துக் காட்டினார். ஒற்றுமை வியக்கத்தக்கதாகவே இருந்தது. கட்டுரைகள் விரிந்து, 1750ஆம் ஆண்டைத் தாங்கிய நூலாயின. அதற்கு முன்னுரை எழுதியவர், பின்னாளில் அகராதியாற் பெரும்புகழ் பெற்ற சாமுவேல் யோன்சன். மில்ற்றனின் அரசியலை யோன்சன் வெறுத்தவர் என்பதையும் இவ்விடத்து மறத்தலாகாது.

இத்தகைய பேரறிஞர் எவ்வாறு ஏமாந்தார் என நேயர்கள் வினவலாம். லோடர் காட்டிய மூல நூல்கள் கிடைத்தற்கரியவை. அவற்றைத் தேடியெடுத்து ஒப்புநோக்கியோர் மிகச் சிலர். அறிஞர் ஒருவர் அச்சிற் காட்டிய மேற்கோளை ஐயுறுவது அநாகரிகம் என்ற எண்ணமும் இருந்திருக்கும். அந்த நம்பிக்கையே லோடருக்கு முதலாயிற்று.

உண்மை யாதெனின், வில்லியம் ஹொக் என்பவர் 1690இல் மில்ற்றனின் காப்பியத்தை இலத்தீனில் மொழிபெயர்த்திருந்தார். மறக்கப்பட்ட அம்மொழிபெயர்ப்பிலிருந்து அடிகளை எடுத்து, மசேனியசும் ஸ்தபோர்ஸ்றும் பாடிய பாக்களின் நடுவே லோடர் செருகினார். மில்ற்றனின் சொற்களே இலத்தீன் உடை பூண்டு வந்து, மில்ற்றனுக்கு எதிராகச் சாட்சி கூறின.

1750இன் இறுதியில் யோன் டக்ளஸ் என்னும் மதகுரு இச்சூழ்ச்சியை ஒரு சிறு நூலில் வெளிப்படுத்தினார். மூல நூல்களைத் தேடித் திறந்து பார்த்ததே அவர் கையாண்ட முறை. லோடர் காட்டிய அடிகள் ஆங்கு இல்லை. ஹொக்கின் நூலில் இருந்தன. ஒக்ஸ்போட்டைச் சேர்ந்த யோன் போல் என்பவரே இப்புரட்டை முதலிற் கண்டவர் என்றும் டக்ளஸ் அந்நூலில் வெளிப்படையாக எழுதினார். களவைப் பற்றிய வழக்கிலே பிறர் உழைப்பைத் தமதாக்கிக்கொள்ளாத அந்நேர்மை பாராட்டற்குரியது.

நூலை விற்றோர் லோடரைக் கைவிட்டனர். யோன்சன் தாமே வாசகம் சொல்லி, டக்ளசுக்கு முகவரியிட்ட குற்ற ஒப்புதற் கடிதமொன்றை எழுதுவித்து, லோடரைக் கையொப்பமிடச் செய்தார். லோடரோ அதனுடன் பின்குறிப்பொன்றைச் சேர்த்து, மில்ற்றனைக் கண்மூடிப் போற்றுவோரைச் சோதிக்கவே அவ்வாறு செய்ததாகச் சாதித்தார். 1754இல் மீண்டும் மில்ற்றனைத் தாக்கி ஒரு நூல் வெளியிட்டார். அதனைப் பொருட்படுத்துவோர் இலர். பின்னர் மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான பார்படோசுக்குச் சென்று, 1771இல் வறுமையில் இறந்தார்.

இவ்வரலாற்றில் இரங்கத்தக்க செய்தி வேறொன்றுண்டு. குரோஷியஸ் தம் இளமையில், 1601இல், ஆதாம் துரத்தப்பட்ட கதையை இலத்தீன் நாடகமாக இயற்றியவர். மில்ற்றன் 1638இல் பாரிஸ் நகரில் அவரை நேரிற் சந்தித்துமிருக்கிறார். அந்நாடகத்துக்கும் மில்ற்றனின் காப்பியத்துக்குமுள்ள தொடர்பு மெய்யாகவே ஆராயத்தக்கது. அறிஞர் இன்றும் அதனை ஆராய்கின்றனர். அரிதாயிருந்த அந்நாடகத்தைத் தேடிப் பெற்று, தம் பெயர் கெட்ட பின்னரும் 1752இல் தொடங்கிய தொகுப்பொன்றில் மீண்டும் அச்சேற்றியவர், அதே லோடர்தான்.