பாறையோடு பாறையாக: கலிபோர்னியாவின் அபலோனி

அபலோனி ஒற்றை ஓடு கொண்ட கடல் நத்தை. ஓடு காதுமடலைப் போலிருப்பதால் அதன் பேரினத்துக்குக் ‘கடற்காது’ என்று பொருள்படும் ஹாலியோட்டிஸ் என்ற பெயர் அமைந்தது. ஓட்டில் வரிசையாக உள்ள துளைகள் வழியே செவுளைக் கடந்த நீரும் கழிவும் வெளியேறும். முட்டையும் விந்தும் வெளிவருவதும் அவ்வழியேதான். மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் இனம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கலிபோர்னியாவின் சிவப்பு அபலோனியோ 30 செ.மீ. வரை வளரும்; உலகிலேயே பெரியது இதுதான்.

1850களில் சீனக் குடியேறிகள் அங்கே கடல் வற்றும் வேளையில் பாறைகளிலிருந்து இதைப் பெயர்த்தெடுத்து, உலர்த்தி விற்றார்கள். அவர்கள் கண்ட அந்த மிகுதி கடலின் இயல்பு நிலையன்று. அபலோனியைத் தின்னும் கடல்நீர்நாய்களை உரோம வணிகர்கள் அதற்குள் ஏறக்குறைய ஒழித்திருந்தார்கள். 1879-இல் மட்டும் சுமார் 40 லட்சம் பவுண்டு பிடிபட்டது. 1900-இல் ஆழமற்ற நீரில் வணிகத்துக்காக எடுப்பது தடைசெய்யப்பட்டதும், தொழில் ஆழத்துக்குப் போனது. அதற்குச் சற்று முன்பே கலிபோர்னியாக் கடற்கரையின் பாயிண்ட் லோபோசுக்கு வந்திருந்த ஜப்பானியர் கென்னோசுகே கோதானி ஜப்பானிலிருந்து மூழ்காளர்களை வரவழைத்தார். மூச்சடக்கி மூழ்குவோருக்கு அந்தக் குளிர்நீர் ஒத்துவரவில்லை. உலோகத் தலைக்கவசமும் காற்றுக்குழாயும் கொண்ட உடை வந்தது.

மூழ்கினாலும் கண்டுபிடிப்பது எளிதல்ல. ஓட்டின்மேல் பாசி படர்ந்து அது பாறையாகவே தெரியும். பழகிய கண் ஓட்டைத் தேடுவதில்லை. இடுக்குகளில், ஓட்டுக்கும் பாறைக்கும் நடுவே அசையும் கறுப்பு விளிம்பையும் அதன் மெல்லிய உணர்விழைகளையும் தேடும். கண்டதும் தட்டையான இரும்புப் பட்டையைச் சட்டென்று அடியில் செருக வேண்டும். தொட்டுவிட்டுத் தயங்கினால் தசைக்கால் பாறையை இறுகக் கவ்விக்கொள்ளும். நெம்பும்போது தசையில் வெட்டு விழுந்தால், அளவு போதாதென்று திரும்ப விட்டாலும் பிழைப்பது அரிது: அதன் குருதி உறைவதில்லை.

அபலோனிகள் வெகுவாகக் குறைந்துபோனதால், 1997-இல் சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே பிடிப்பு முழுவதும் நிறுத்தப்பட்டது. 2001-இல் வெள்ளை அபலோனி, அமெரிக்காவின் அழியும் உயிரினப் பட்டியலில் சேர்ந்த முதல் முதுகெலும்பற்ற கடலுயிர் ஆனது. வடக்கே, மூச்சுக்கருவி இல்லாமல் மூழ்கி, 7 அங்குலத்துக்குக் குறையாத சிவப்பு அபலோனியை மட்டும் சொந்தத் தேவைக்கு எடுக்கலாம் என்ற விதி நீடித்தது. ஒரே மூச்சில் எட்ட முடியாத ஆழமே அங்கே அபலோனிக்குக் காப்பிடமாக இருந்தது. ஆனால் 2013 முதல் நட்சத்திர மீன்கள் நோயில் மடிய, அவை தின்றுவந்த ஊதாக் கடல் முள்ளெலிகள் பெருகிப் பாசியை மேய்ந்தன. 2014-இல் தொடங்கிய கடல் வெப்ப அலையும் சேர்ந்துகொள்ள, கெல்ப் பாசிக்காடுகள் அழிந்தன. அந்தப் பாசியையே உண்டு வாழ்ந்த அபலோனிகள் ஆழத்திலும் பட்டினி கிடந்து செத்தன. 2018-இல் வடக்கின் அனுமதியும் நிறுத்தப்பட்டது.