கடிதம் சுமக்காத தபால் தலைகள்

கொடி, தபால் தலை, தேசிய கீதம். 1943 அக்டோபர் 21-ல் சிங்கப்பூரில் நேதாஜி அறிவித்த ஆசாத் ஹிந்த் அரசுக்கு எல்லாமே இருந்தன நேயர்களே. 1945-ல் அந்த அரசுதான் இல்லாமல் போனது.

தபால் தலைகள் பெர்லின் அரசு அச்சகத்தில் அச்சானவை. ஏர் உழும் விவசாயி, நூல் நூற்கும் பெண், காயம்பட்ட வீரனைக் கவனிக்கும் தாதி... படங்கள் அழகுதான். ஆனால் அவை பொது அஞ்சலுக்கு வரவே இல்லை! ஜப்பானியர் காலத்தில் கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் நம்மவர்கள் ஒட்டியவற்றில், ஜப்பானியர் மேலே முத்திரை குத்திய பழைய சிலாங்கூர் தபால் தலைகளும் உண்டு. பெர்லின் தலைகள் இன்று சேகரிப்பாளர்களின் ஆல்பங்களில் பத்திரமாக இருக்கின்றன.

பாட்டின் கதை வேறு. தாகூரின் பாடலைத் தழுவி இந்துஸ்தானியில் எழுதப்பட்ட 'சுப் சுக் செயின்'தான் அந்த அரசின் தேசிய கீதம். இசையமைத்தவர் இமயமலை அடிவாரத்துக் கூர்க்கா, கேப்டன் ராம் சிங். பாடி நின்ற அணிகளிலோ நம் ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஜான்சி ராணிப் படைப் பெண்களில் பலர் தோட்டத்துப் பிள்ளைகள். இந்துஸ்தானி அவர்கள் வீட்டு மொழியே அல்ல.

தபால் தலைக்கு ஆல்பம் உண்டு. பாட்டுக்குத் தொண்டை மட்டும்தான். அன்று 18 வயதில் படையில் சேர்ந்த பெண் இன்று இருந்தால் நூறு வயதை எட்டியிருப்பார். உங்கள் வீட்டுப் பாட்டி அதை முணுமுணுத்ததுண்டா? யாராவது ஒலிப்பதிவு செய்து வைத்தீர்களா?