தோல் போர்த்தாத வண்டி

2024 ஜனவரியில் சவூதியின் அல்உலாவில் கிளம்பி யான்புவில் முடிந்த டக்கார் ராலியில், கேரளத்தின் ஷொரணூர்க்காரர் ஹரித் நோவா ராலி-2 பிரிவில் முதலாவதாக வந்தார். மோட்டார் சைக்கிள்களின் மொத்தப் பட்டியலில் பதினொன்றாவது இடம். டக்காரில் ஒரு பிரிவை வென்ற முதல் இந்தியர் அவர். ஓட்டியது ஷெர்கோ டிவிஎஸ் அணியின் 450 சிசி வண்டி. ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ்ஸின் பெயர் அரேபிய மணலில் அப்படி ஓடியதைப் பார்த்ததும், ஷார்ஜாவில் என்னோடு மாடல் கட்டும் நண்பர் கேட்ட முதல் கேள்வி: "இந்த வண்டிக்குக் கிட் வந்திருக்காண்ணே?"

வரவில்லை. டக்கார் வண்டி வேண்டுமென்றால் கடையில் கிடைப்பவை 1980களின் வண்டிகள். 1985 பிஎம்டபிள்யூ, 1986 யமஹா டெனெரே, 1987 கஜீவா எலிஃபன்ட். மூன்றும் ஒன்பதில் ஒரு பங்கு அளவு. பெட்டியின் மேல் இத்தாலேரி என்று போட்டிருக்கும். உள்ளே இருக்கும் பாகங்களின் அச்சை முதலில் வெட்டியது புரோட்டார் என்ற இன்னொரு இத்தாலிய நிறுவனம். மோட்டார் சைக்கிள் கிட் என்ற பொருள் பிறந்த கதையைச் சொல்ல வேண்டுமென்றால், இந்தப் புரோட்டாரை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

புரோட்டார் என்பது ஒரு மனிதரின் பெயர்: புரோவினி, தார்குவினியோ. 1933இல் பிறந்தவர். 1957இல் மொந்தியால் வண்டியில் 125 சிசி உலகப் பட்டம், 1958இல் எம்.வி. அகுஸ்டாவில் 250 சிசி உலகப் பட்டம். 1963இல் அவர் செய்ததைத்தான் பழைய ரசிகர்கள் இன்னும் பேசுகிறார்கள். ஹோண்டா நான்கு சிலிண்டர் வண்டிகளோடு வந்திருந்தது. புரோவினி கையில் ஒற்றைச் சிலிண்டர் மொரீனி. கடைசிப் பந்தயம் ஜப்பானில், ஹோண்டாவின் சொந்த மண்ணில். ஹோண்டாவின் ஜிம் ரெட்மன் 44 புள்ளி, புரோவினி 42. இரண்டே புள்ளியில் பட்டம் போனது.

மூன்று ஆண்டு கழித்து, 1966இல், ஐல் ஆஃப் மேன் டிடி. அது பந்தயத்துக்கென்று கட்டிய மைதானம் இல்லை. சுற்றுக்கு அறுபது கிலோமீட்டர், வீட்டு மதில்களும் கல் சுவர்களும் ஒட்டி ஓடும் பொதுச் சாலை. அங்கே பெனெல்லி வண்டியிலிருந்து விழுந்தார். பலத்த காயம். பந்தய வாழ்க்கை அத்தோடு முடிந்தது. பந்தயத்திலிருந்து ஒதுங்கியவர்கள் பெரும்பாலும் ஷோரூம் திறப்பார்கள், அல்லது அணி மேலாளர் ஆவார்கள். புரோவினி பொலோனியாவில் சின்ன வண்டி செய்யும் தொழிலில் இறங்கினார். தான் ஓட்டியவை, தன்னை முந்தியவை, ஓட்ட ஆசைப்பட்டவை என்று பெனெல்லி, கிலெரா, எம்.வி. அகுஸ்டா எல்லாம் பெட்டிக்குள் துண்டு துண்டாக வந்தன.

பந்தயக்காரர் ஒருவர் இதில் இறங்கியது ஏன் முக்கியம் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பிளாஸ்டிக் கிட் பிறந்தது ஆகாய விமானத்துக்காக. 1936இல் இங்கிலாந்தில் ஃபிராக் என்ற பெயரில் பறக்கும் மாடல் விற்ற நிறுவனம், பறக்காமல் மேசையில் நிற்கும் மாடல் வரிசை ஒன்றைக் கொண்டுவந்து அதற்குப் பெங்குவின் என்று பெயர் வைத்தது. குறும்புக்காரர்கள். பிறகு சீப்பு செய்துகொண்டிருந்த ஏர்ஃபிக்ஸ். 1949இல் ஃபெர்குசன் டிராக்டர் கம்பெனியின் விற்பனையாளர்கள் கையில் கொடுப்பதற்காக ஒரு சின்ன டிராக்டர் செய்தார்கள். பூட்டி விற்பதைவிடப் பிரித்து விற்றால் செலவு குறைகிறது என்று கண்டுகொண்டார்கள். 1952இல் கோல்டன் ஹைண்ட் கப்பல், உல்வொர்த் கடைகளில் இரண்டு ஷில்லிங்.

விமானம், கப்பல், கார் எல்லாவற்றுக்கும் ஒரு பொது வசதி உண்டு: வெளியே ஒரு கூடு இருக்கிறது. இரண்டு பாதியை ஒட்டினால் உருவம் வந்துவிடும். உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும் யாருக்கும் தெரியாது. மோட்டார் சைக்கிளுக்கு அந்தச் சலுகை கிடையாது. எஞ்சின் வெளியே, கார்புரேட்டர் வெளியே, செயின் வெளியே, கிளட்ச் கேபிள் வெளியே. எதை விட்டாலும் ஓட்டை தெரியும். போதாததற்கு அது இரண்டு சக்கரத்தில் நிற்க வேண்டும். சட்டகம் அரை மில்லிமீட்டர் முறுக்கிக்கொண்டால் முன் சக்கரம் ஒரு பக்கம் பார்க்கும், பின் சக்கரம் இன்னொரு பக்கம். ஆகவே கிட்டை வடிவமைப்பவருக்கு வண்டியின் முகம் தெரிந்தால் போதாது. எது எதில் பூட்டுகிறது, எந்தக் குழாய் எங்கிருந்து எங்கே போகிறது என்று மெக்கானிக்குக்குத் தெரிவதெல்லாம் தெரிய வேண்டும். புரோவினிக்கு அது உடம்பிலேயே இருந்தது.

ஜப்பானின் ஷிசுவோகாவில் தமியா இதே இடத்துக்கு வேறு வழியாக வந்து சேர்ந்தது. 1946இல் மர அறுப்பு ஆலை, 1951இல் தீப்பிடித்தது, மரப் பொம்மைக்கு மாறினார்கள், 1960இல் முதல் பிளாஸ்டிக் கிட்டாக யமாத்தோ போர்க்கப்பலைப் போட்டு, போட்டிக் கம்பெனி விலையைக் குறைத்ததால் அடிவாங்கினார்கள். அவர்களைக் காப்பாற்றியது அடுத்து வந்த பேந்தர் டாங்கி. கம்பெனியை நடத்திய ஷுன்சாக்கு தமியாவின் பிடிவாதம் பேர்போனது. கார் கிட் ஒன்றுக்காக போர்ஷே 911 ஒன்றை விலைக்கு வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டார். திரும்பப் பூட்ட போர்ஷே ஆட்களையே கூப்பிட வேண்டியதாயிற்று. அந்தப் புத்திதான் ஆறில் ஒரு பங்கு அளவில் வந்த ஹோண்டா சிபி 750 ஃபோரில் தெரிகிறது. முப்பத்தாறு சென்டிமீட்டர் நீளம். திருகாணி, ஸ்பிரிங், ரப்பர் டயர், வினைல் குழாய் எல்லாம் பெட்டியிலேயே. ஷுன்சாக்கு 2025 ஜூலையில், 90 வயதில் காலமானார். அவர்களுடைய பன்னிரண்டில் ஒரு பங்கு மோட்டோஜிபி வரிசைதான் துபாய்க் கடைகளில் இன்று கண்ணில் படுவது. ரோஸ்ஸியின் யமஹா, மார்க்கெஸின் ஹோண்டா. கத்தாரின் லுசைலில் 2004 முதல் மோட்டோஜிபி நடக்கிறது, 2008 முதல் இரவு விளக்கில். விளக்கடியில் பார்த்த வண்டியை வாங்கிப் பூட்ட ஆசைப்படுபவர் இங்கே நிறைய.

எனக்கு என்னவோ புரோட்டார் அச்சில் வந்த பாலைவன வண்டிகள்தான். பூட்டச் சுலபம் என்று சொல்ல மாட்டேன். பழைய அச்சு, பாகங்களின் ஓரத்தில் பிசிறு இருக்கும், பொருத்தம் தமியா மாதிரி 'டக்'கென்று உட்காராது, அரத்தால் தேய்த்துத் தேய்த்துத்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும். ஆனால் அந்த எலிஃபன்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1987 பாரீஸ்-டக்கார். டுகாட்டியின் வி-ட்வின் எஞ்சின் பூட்டிய அந்த வண்டியில் ஊபேர் ஓரியோல் முதலிடத்தில் போய்க்கொண்டிருந்தார். முடிய ஒரு நாள்தான் பாக்கி. மரக்கட்டையில் மோதி இரண்டு கணுக்காலும் உடைந்தன. அப்படியே வண்டியில் ஏறி உட்கார்ந்து அன்றைய எல்லைவரை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டு, அழுதார். பட்டம் ஹோண்டாவில் வந்த சிரில் நவ்வுக்குப் போனது. ஜெயித்த வண்டிக்குக் கிட் போடுவது வியாபாரம். தோற்ற அந்த வண்டிக்குக் கிட் போட்டது, விழுந்து எழ முடியாமல் போன ஒரு பந்தயக்காரரின் கம்பெனி. நான் இதைத் தற்செயல் என்று எடுத்துக்கொள்வதில்லை, மறுப்பவர்கள் மறுக்கட்டும். ஓரியோல் பிறகு காருக்கு மாறி 1992இல் டக்காரை வென்றார். மோட்டார் சைக்கிள், கார் இரண்டிலும் வென்ற முதல் ஆள் அவர். புரோவினி 2005இல் மறைந்தார். அச்சுகள் பொலோனியா பக்கத்திலேயே இருக்கும் இத்தாலேரியின் கைக்கு வந்தன.

டக்கார் ஆப்பிரிக்காவை விட்டுத் தென் அமெரிக்கா போய், 2020 முதல் சவூதியில் நடக்கிறது. கிட்டின் கச்சாப் பொருளோ அதற்கு முன்பே இங்கேயிருந்து போய்க்கொண்டிருந்தது. கிட் செய்வது பாலிஸ்டைரீனில். அதற்கு மூலம் ஸ்டைரீன். சவூதியின் ஜுபைலில் 1980களிலிருந்தே அதைத் தயாரிக்கிறார்கள். ஜுபைல் ஆலைகளுக்கு ஷட்டவுன் வேலைக்கு வந்துபோன வெல்டர், ஃபிட்டர்கள் நம்மூரில் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். பாலிஸ்டைரீனை ஒட்டுவதும் ஒரு வகை வெல்டிங்தான்: பசை என்று நாம் சொல்வது கரைப்பான், இரண்டு விளிம்பையும் கரைத்து ஒன்றாக்கிவிட்டுத் தான் ஆவியாகிப் போய்விடும்.

வளைகுடாவில் பெயின்ட் அடிப்பது தனிப் பாடம். ஸ்பிரே கேன் எரியக்கூடியது. ஊரிலிருந்து பையில் வைத்துக் கொண்டுவர விமானத்தில் விட மாட்டார்கள். கிடைத்தாலும் ஜூலை, ஆகஸ்ட் மாதத்தில் கடலோரத்தில் பால்கனியில் நின்று லாக்கர் அடித்துப் பாருங்கள். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும். காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் இறங்கும். கறுப்பு டேங்கில் பால் படர்ந்த மாதிரி ஒரு வெண்மை. உள்ளே ஏசி அறையில் அடிக்கலாமென்றால் காற்று வெளியே போக வழியில்லை, பக்கத்துப் பார்ட்டிஷன்காரர் சண்டைக்கு வருவார். அதனால் நவம்பரிலிருந்து மார்ச்வரைதான் இங்கே பெயின்ட் சீசன். கோடையில் பூட்டு, தேய், ஒட்டு, குளிரில் அடி.

அடிப்பதிலும் எனக்குப் பிடித்தது சைலன்ஸர் குழாய். நிஜ வண்டியில் எஞ்சினிலிருந்து வெளிவரும் இடத்தில் உலோகம் சூட்டில் நிறம் மாறும்: முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, எஞ்சினை ஒட்டி நீலம். பிளாஸ்டிக்கில் அதைக் கொண்டுவர, பளபளக்கும் கறுப்பு அடித்து, அது காய்ந்தபின் உலோக நிறத்தை மிக மெல்லிசாகத் தூவி, அதற்கு மேல் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் ஆரஞ்சு, பிறகு நீலம். ஏர்பிரஷ்ஷை நிறுத்தாமல் குறுக்கே ஓட்ட வேண்டும். ஓரிடத்தில் ஒரு நொடி நின்றால் சொட்டு விழும். நீலப் பட்டை அகலமானால் வண்டி எரிந்துபோன மாதிரி ஆகிவிடும். இந்த ஊரில் டெலிவரி பையன்கள் ஓட்டும் பல்சர்கள் வெயிலில் வரிசையாக நிற்கும். குனிந்து அவற்றின் குழாயைப் பார்ப்பதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

பாலைவன வண்டி என்றால் மணல் ஒட்ட வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றும். புதிதாக வருபவர்கள் அல் அவீர் பாலைவனப் பக்கமிருந்து ஒரு டப்பா மணல் அள்ளி வந்து பசையில் தூவுவார்கள். பார்த்தால் மணலாகத் தெரியாது. கால் மில்லிமீட்டர் மணல் துகள் ஒன்பதில் ஒரு பங்கு உலகத்தில் இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டிய சரளை. வண்டி ஜல்லி லாரிக்குப் பின்னால் வந்த மாதிரி இருக்கும். வேண்டியது மணல் இல்லை, தூசி. ஷமால் காற்று அடித்த மறுநாள் ஜன்னல் சட்டத்தில் படிந்திருக்குமே, மாவு மாதிரி, அது சரியான அளவு. பிக்மென்ட் பொடி என்று குப்பியில் விற்பதும் அந்தப் பதம்தான், விலைதான் வேறு.

ஓசூர் வண்டிக்கு வருகிறேன். உருக்கு அச்சு வெட்ட ஆகும் செலவை எடுக்க ஆயிரக்கணக்கான பெட்டிகள் விற்க வேண்டும். ரோஸ்ஸியின் வண்டிக்கு அது நடக்கும். ராலி-2 வண்டிக்கு நடக்காது. நம்மூர்க் கம்பெனிகளில் ராயல் என்ஃபீல்டு 2022இல் கிளாசிக் வண்டியை மூன்றில் ஒரு பங்கு அளவில் கொண்டுவந்தது. 964 பாகம், எட்டரை கிலோ, அப்போதைய விலை அறுபத்தேழாயிரம் ரூபாய்ச் சொச்சம். அழகுதான், ஆனால் பூட்டி, பெயின்ட் அடித்தே வருகிறது. பார்க்கலாம், துடைக்கலாம். வேலையே முடிந்துபோன பொருளை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

ஆகவே நண்பர் தானே இறங்கிவிட்டார். எஞ்சினையும் சட்டகத்தையும் கம்ப்யூட்டரில் வரைந்து ரெசின் பிரிண்டரில் எடுப்பது, டயரை வேறொரு கிட்டிலிருந்து திருடுவது என்று திட்டம். புகைப்படங்களிலிருந்து அளவெடுக்கிறார், சக்கரத்தின் விட்டம் தெரிந்தால் மற்றதெல்லாம் அதை வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம். ராலி வண்டியில் மற்ற வண்டிகளில் இல்லாத ஒரு தலைவலி, கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் வழிகாட்டிக் கோபுரம்: ரோடுபுக் பெட்டி, ஜிபிஎஸ், தூரமானி, ஒவ்வொன்றிலிருந்தும் ஒயர். எல்லாம் தலைமுடி கனத்தில் வர வேண்டும். அதைக்கூட முடித்துவிடுவார் போலிருக்கிறது. இப்போது நிற்பது ஸ்டிக்கரில். நீல பிளாஸ்டிக்கின் மேல் வெள்ளை எழுத்து வேண்டும். சாதாரண வீட்டு பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. வெள்ளைக் காகித டீக்காலில் சுற்றிலும் நீலத்தை அச்சடித்து எழுத்தை மட்டும் வெறுமையாக விடலாம்; ஆனால் அந்த நீலமும் ஏர்பிரஷ்ஷில் அடித்த நீலமும் ஒத்துப்போக வேண்டும். இதுவரை ஒத்துப்போகவில்லை. ஓசூரில் ஸ்டிக்கர் வெட்டும் கடை யாரையாவது தெரியுமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.