கொழுந்து ஹெப்பகோடி வந்த கதை

ஹெப்பகோடியில் மெட்ரோ பாலத்தை ஒட்டிய ஒரு டீக்கடை. காலை ஐந்தரைக்கே பொம்மசந்திரா தொழிற்பேட்டையின் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. இரவு ஷிஃப்ட் முடித்தவர்களும் காலை ஷிஃப்டுக்குப் போகிறவர்களும் ஒரே பாய்லர் முன்னால் நிற்கிறார்கள். "அண்ணா, பை டூ கொடி" என்று கன்னடத்தில் கேட்ட இளைஞர் தருமபுரிக்காரர். கடைக்காரரும் தமிழர்தான்.

பாய்லருக்குப் பக்கத்தில் தேயிலைத்தூள் மூட்டை இருந்தது. நீலகிரி டஸ்ட் என்றார் கடைக்காரர்.

அந்தத் தூள் இங்கே வந்து சேர்ந்த வழி நீளமானது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிய கொழுந்து, எடை போட்டு அன்றைக்கே ஃபேக்டரி போய்ச் சேர வேண்டும். கசங்கிச் சூடேறினால் கெட்டது. அங்கே காற்றடிக்கும் தொட்டிகளில் பல மணி நேரம் கிடந்து வாடும். பிறகு வெவ்வேறு வேகத்தில் சுற்றும் பல் உருளைகளுக்கு நடுவே நசுங்கி, கிழிந்து, சுருளும். 1930களில் அஸ்ஸாமில் பிறந்த சி.டி.சி. முறை இது. காற்றுப் பட்டுப் பச்சை செம்பு நிறமாகும், அடுப்புச் சூட்டில் கறுக்கும். ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்து கொடுத்தால் ஒரு கிலோ தூள். சலித்ததில் ஆகப் பொடியானதுதான் டஸ்ட். பெயரை வைத்து அதைக் கழிவு என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அது பொறுக்காது. நிமிஷத்தில் சாயம் இறங்கி, பாலை எதிர்த்து நிற்கும் திடம் அந்தப் பொடிக்குத்தான் இருக்கிறது. அது இல்லாமல் நம் டீக்கடையே இல்லை.

கொழுந்து கிள்ளும் கைகளுக்கும் ஒரு பயணம் உண்டு. 1964-இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கை மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968-இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது; அதுதான் பின்னாளில் டான்டீ என்ற அரசு நிறுவனம் ஆனது. தேநீரைத் தேத்தண்ணி என்று சொல்லிப் பழகியவர்கள், பிறந்த மலையை விட்டு வேறொரு மலையில் அதே கொழுந்தைக் கிள்ளினார்கள். அவர்களை நினைக்காமல் நீலகிரித் தேநீரைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

தூளின் மீதி வழி இது: குன்னூர் ஏலம், வியாபாரிகள், லாரி. கடைக்காரர் மூட்டையை ஓசூரில் வாங்கி, அத்திப்பள்ளி தாண்டிக் கொண்டுவருகிறார்.

துணிப்பையில் வெந்நீர் ஊற்றி டிகாஷன் இறக்கி, பால் சேர்த்து, உயரத் தூக்கி ஆற்றினார். இரண்டு கண்ணாடி டம்ளரில் பாதிப் பாதி. பெங்களூரின் பை டூ, சிக்கனத்தில் தொடங்கிய பழக்கமாகவே இருக்கட்டும். ஆனால் தனியாக வந்தவர் அதைக் கேட்க முடியாது. கூட ஓர் ஆள் வேண்டும். தருமபுரிக்காரரின் கூட்டாளி அப்போதுதான் இரவு ஷிஃப்ட் முடித்துத் தூக்கக் கண்ணோடு வந்தார். இருவருக்கும் ஒரே அறை. ஒருவர் வேலைக்குப் போகும்போது இன்னொருவர் தூங்குவார்.

"சோறு வடிச்சு வெச்சிருக்கேன், சாப்பிட்டுட்டுப் படுடா."

"அம்மா போன் பண்ணுச்சா?"

"ராத்திரியே பண்ணுச்சு. உன்னையும் கேட்டுச்சு."

பாதி டம்ளரை இவ்வளவு மெதுவாகக் குடிக்க முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அறைச் சாவி கை மாறியது.