கல்லில் வெட்டிய வம்சாவளி

பாயில் விதி பள்ளிப் பாடத்தில் வருவது. அழுத்தம் கூடினால் வாயுவின் கன அளவு குறையும் என்று 1662இல் எழுதி வைத்த ராபர்ட் பாயிலின் பெயரைத் தமிழ் மாணவர்கள் நன்கறிவார்கள். அவர் பிறந்த குடும்பத்தைத் தெரிந்துகொள்ள அயர்லாந்தின் இரண்டு தேவாலயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று டப்ளின் புனித பாட்ரிக் பேராலயம். மற்றது தென்கரைத் துறைமுகமான யால் நகரின் புனித மரியாள் ஆலயம். ராபர்ட்டின் தந்தை ரிச்சர்ட் பாயில், முதலாம் கார்க் பிரபு, தன் குலவரிசையை இவ்விரண்டிலும் சிலைகளாக நிறுத்தி வைத்தார்.

அயர்லாந்தின் பழைய பிரபுக் குடிகளான கில்கென்னியின் பட்லர்களுக்கும் கில்டேரின் ஃபிட்ஸ்ஜெரால்டுகளுக்கும் சொல்லிக்கொள்ள நூற்றாண்டுக் கணக்கில் முன்னோர் இருந்தார்கள். பாயிலுக்கு அந்நாட்டில் ஒருவரும் இல்லை. 1566இல் இங்கிலாந்தின் காண்டர்பரியில் பிறந்தவர். 1588 ஜூனில் டப்ளினில் இறங்கியபோது கையில் இருந்தவை 27 பவுண்டு 3 ஷில்லிங், ஒரு வைர மோதிரம், தாய் கொடுத்த தங்கக் காப்பு. இதை மறைக்காமல் தன் நினைவுக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார். ஆங்கில ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்த டெஸ்மண்ட் பிரபு 1583இல் கொல்லப்பட்டு, அவர் குடியின் நிலங்கள் பறிமுதலாகி, ஆங்கிலேயர் வால்டர் ராலேக்கு 42,000 ஏக்கர் போயிருந்தது. 1602இல் ராலே அதை விற்றார், பாயில் வாங்கினார். லிஸ்மோர் கோட்டையும் யால் நகரச் சொத்தும் அப்படித்தான் வந்து சேர்ந்தன. 1620இல் கார்க் பிரபு என்ற பட்டமும் கிடைத்தது. நிலம் வந்துவிட்டது, பட்டம் வந்துவிட்டது. முன்னோரை எங்கே தேடுவது?

டப்ளின் நினைவுச்சின்னம் அந்தக் கேள்விக்கு விடை. இரண்டாம் மனைவி கேதரின் ஃபென்டன் 1630இல் இறந்தபின் எழுப்பியது. வண்ணம் பூசிய சிலைகள் கொலுப்படி போல அடுக்கடுக்காக ஏறுகின்றன. உச்சியில் கிடப்பவர் ராபர்ட் வெஸ்டன். அயர்லாந்தின் சான்சலர், இதே பேராலயத்தின் டீன், கேதரினின் தாய்வழிப் பாட்டனார். அடுத்த படியில் கேதரினின் பெற்றோர், அரசுச் செயலர் ஜெஃப்ரி ஃபென்டனும் மனைவி ஆலிஸும். அதற்குக் கீழேதான் பாயிலும் கேதரினும். அடியில் மகள்மார் முழந்தாளிட்டிருக்க, நடுவே ஒரு சிறுவன். அந்தச் சிறுவன்தான் ராபர்ட் என்று கருதுகிறார்கள். வரிசையை மேலிருந்து படித்தால் விஷயம் விளங்கும். பாயில் வழி முன்னோர் ஒருவர்கூட இதில் இல்லை. இது மனைவியின் வம்சாவளி. அதில் பாயில் மருமகனாகத்தான் இடம்பெறுகிறார். அயர்லாந்தில் தனக்கு இல்லாத வேரை மனைவியின் தாய்வழியில் கண்டெடுத்திருக்கிறார். இந்தச் சின்னத்தின் ஆடம்பரத்தைக் குறை சொன்னவர்கள் பலர். அந்த வெளிப்படையான நன்றியைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன்.

அது நின்ற இடம்தான் சண்டையானது. பேராலயத்தின் கிழக்குக் கோடியில், பலிபீடம் இருக்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. வழிபட வருகிறவர்கள் பிரபுவின் குடும்பத்துக்கல்லவா மண்டியிடுகிறார்கள் என்று பேராயர் வில்லியம் லாடும் அரசப் பிரதிநிதி தாமஸ் வென்ட்வொர்த்தும் ஆட்சேபித்தார்கள். 1630களின் நடுவில் சின்னத்தைப் பிரித்து எடுத்துப் பேராலயத்தின் வேறிடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. வென்ட்வொர்த் அதோடு விடவில்லை. யால் திருச்சபைச் சொத்தைக் கைப்பற்றியதற்காகப் பாயிலிடம் 15,000 பவுண்டு தண்டம் கேட்டார். 1641இல் வென்ட்வொர்த்தின் தலை லண்டனில் வெட்டப்பட்டது. அந்தச் செய்தியைக் கேட்கும்வரை பாயில் உயிரோடிருந்தார்.

பாயிலின் உடல் டப்ளினில் இல்லை. 1643 செப்டம்பரில் இறந்து யால் ஆலயத்தின் தென்சிறகில் அடக்கமானார். அங்குள்ள சின்னத்தைத் தன் வாழ்நாளிலேயே செய்து வைத்துவிட்டார். அதில் அவர் ஒருக்களித்துச் சாய்ந்திருக்கிறார், தலைமாட்டிலும் கால்மாட்டிலும் இரு மனைவியர், மேலே தாய், கீழே பிள்ளைகள். டப்ளினில் இடம்பெறாத முதல் மனைவி ஜோன் ஆப்ஸ்லிக்கு இங்கே இடம் உண்டு. 1599இல் பிரசவத்தில் தாயும் சேயும் இறந்துபோனார்கள். அவர் கொண்டுவந்த சொத்துதான் பாயிலின் முதல் ஏணிப்படி. எனக்கு டப்ளின் சின்னத்தைவிட இதுவே உண்மையான குலவரிசை. ஆனாலும் இந்த நிலத்தை இழந்தவர்களின் சுவடு இரண்டிலுமே கிடையாது.

கேதரின் பெற்றவை பதினைந்து. மகன் லூயிஸ் 1642இல் லிஸ்கரோல் போரில் விழுந்தார். இன்னொரு மகனான ஆரரி பிரபு ரோஜர் யாலிலேயே துயில்கிறார். ராபர்ட் 1691இன் கடைசி நாளில் லண்டனில் இறந்தார். அவருக்கு ஒரு வாரம் முன்னர் போய்ச்சேர்ந்த தமக்கை கேதரின் அடக்கமான புனித மார்ட்டின் ஆலயத்திலேயே அவரையும் வைத்தார்கள். அடுத்த நூற்றாண்டில் அந்த ஆலயத்தை இடித்துக் கட்டியபோது கல்லறை இருந்த இடமே தெரியாமல் போயிற்று.

மூத்த கிளையின் கடைசி ஆண் வாரிசு 1753இல் காலமானார். கார்க் பட்டம் ரோஜரின் வழியினருக்குப் போனது. நிலமும் லிஸ்மோர் கோட்டையும் மகள் சார்லட் வழியாக டெவன்ஷயர் டியூக் குடும்பத்துக்குச் சென்றன. கோட்டை இன்றும் அவர்களிடமே இருக்கிறது. குடும்ப வரலாறு எழுத முனைகிறவர்கள் ஆண்வழிக் கொடியோடு நின்றுவிடாமல் பெண்வழியையும் சேர்த்து எழுதுங்கள். பாயில்களின் சொத்து வந்ததும் போனதும் அவ்வழியில்தான்.