உளநோய் மருந்தும் உறவினர் குரலும்

1952ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரின் சென்ற் ஆன் வைத்தியசாலையைச் சேர்ந்த ஜீன் டெலே, பியேர் டெனிக்கர் என்னும் உளமருத்துவர் இருவர், குளோர்புரோமசீன் என்ற மருந்தினால் நோயாளரிடத்துத் தாம் கண்ட மாற்றங்களை வெளியிட்டனர். அம்மருந்து உளநோய்க்கென ஆக்கப்பட்டதன்று. சத்திரசிகிச்சைக்கு முன் நோயாளியைச் சாந்தப்படுத்த வழி தேடிய ஆன்றி லபோறி என்ற சத்திரவைத்தியரே அதன் தனித்தன்மையை முதலில் உணர்ந்தவர். 1955இல் ஐக்கிய அமெரிக்காவின் அரசாங்க உளநோய் வைத்தியசாலைகளில் ஏறக்குறைய 5,59,000 பேர் இருந்தனர். இருபது ஆண்டுகளில் அத்தொகை இரண்டு இலட்சத்துக்குக் கீழே இறங்கிற்று. இவ்வீழ்ச்சி முழுவதையும் மருந்தின் கணக்கில் எழுதிவிடல் தகாது. செலவைக் குறைக்க விரும்பிய அரசாங்கங்களின் கணக்கும் அதில் உண்டு.

விலை பின்னரே தெரியவந்தது. 1957இல் ஜேர்மன் மருத்துவர் ஒருவர், இம்மருந்தை உண்டோர் சிலரின் உதடும் நாவும் தம்மையறியாமலே அசைந்துகொண்டிருப்பதை விபரித்தார். 1964இல் டென்மார்க் ஆய்வாளர் இதனைப் 'பிந்திய அசைவுக்கோளாறு' எனப் பொருள்படும் பெயராற் குறித்தனர். பழைய மருந்துகளை நெடுங்காலம் உட்கொண்டோருள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது காணப்பட்டது. மருந்தை நிறுத்திய பின்னரும் பலரிடத்து அது நீங்கவில்லை. மனிதன் மனிதனோடு பேசுதற்குரிய வாயையும் முகத்தையுமே அது பற்றிக்கொண்டமை கொடுமையானது. மருந்தினால் வந்த அசைவைக் கண்டோர் அதனையும் பைத்தியத்தின் அடையாளமாகவே கொண்டனர். இவ்வபாயம் நோயாளிக்குச் சொல்லப்பட்டதா என்ற வினா நீதிமன்றம் வரை சென்றது. அவசர நிலையிலன்றி நோயாளி மருந்தை மறுக்கலாம் என 1979இல் பொஸ்ரன் நகர வழக்கொன்றில் நீதிபதி தீர்ப்பளித்தார். இக்கோளாற்றுக்கென்றே மருந்துகள் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மருந்தின் வரலாறு இவ்வாறு சென்றுகொண்டிருக்க, இலண்டனில் வேறொரு வினா எழுந்தது. வீடு திரும்பியோருட் சிலர் நலமாயிருக்க, வேறு சிலர் விரைவில் மீண்டும் நோயுறுவது ஏன்? ஜோர்ஜ் பிரவுண் என்ற சமூகவியலாளரும் அவருடைய துணைவரும் 1958இல் வெளியிட்ட ஆய்வு எதிர்பாராத விடையைத் தந்தது. பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பிய ஆண்களைவிட, உடன்பிறந்தோர் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்கியோரே நன்றாயிருந்தனர். இதனை விளங்கிக்கொள்ள உறவினரை நேர்காணும் முறையொன்று வகுக்கப்பட்டது. அதிலே சொல்லின் பொருள் மட்டுமன்றிக் குரலின் தொனியும் அளக்கப்பட்டது. "அவன் விடிய எழும்புவதில்லை" என்ற வாக்கியம் ஒரு தாயின் வாயிற் செய்தியாகவும் இன்னொருத்தியின் வாயிற் குற்றச்சாட்டாகவும் அமையலாமல்லவா? குறைகூறல், பகைமை, மிதமிஞ்சிய கவலை ஆகியன 'வெளிப்படுத்தும் உணர்ச்சி' என ஒருங்கே கணிக்கப்பட்டன.

1976இல் கிறிஸ்ரின் வோன், ஜூலியன் லெப் ஆகிய இருவரும் தம் ஆய்வையும் பிரவுண் குழுவினரின் முன்னைய ஆய்வையும் சேர்த்து, சிசோபிரெனியா என்னும் உளச்சிதைவு நோயுற்ற 128 பேரின் ஒன்பது மாத நிலையைக் காட்டினர். அமைதியான வீடுகளில் மருந்துண்டோரில் 12 வீதத்தினரும் உண்ணாதோரில் 15 வீதத்தினரும் மீண்டும் நோயுற்றனர். கடுமையான வீட்டில் உறவினரோடு வாரத்தில் 35 மணித்தியாலத்துக்கு மேல் முகம் பார்த்திருந்தோருள், மருந்துண்டோரில் 53 வீதத்தினருக்கும் உண்ணாதோரில் 92 வீதத்தினருக்கும் நோய் திரும்பியது. அவ்வாறாயின் அமைதியான வீட்டினர் மருந்தின் அபாயத்தை வீணாகச் சுமக்கின்றனரா? அவ்வாறு முடிவு கட்டியோர் அவசரப்பட்டனர். அதே ஆய்வாளர் 1981இல் வெளியிட்ட ஈராண்டுத் தொடராய்வில், அமைதியான வீட்டினருக்கும் மருந்து காப்பளித்தமை தெரிந்தது. ஒன்பது மாதம் குறுகிய காலம். ஒவ்வொரு பிரிவிலும் அடங்கியோர் தொகையும் சிறிதே.

இன்னொரு தவறும் நேர்ந்தது. 1956இல் கிறகரி பேற்சன் குழுவினர், ஒன்றுக்கொன்று முரணான செய்திகளைப் பிள்ளைக்குத் தொடர்ந்து வழங்கும் குடும்பச் சூழலே நோயின் வேர் என்றனர். அதனாற் பல தாய்மார் குற்றவாளிகளாக்கப்பட்டனர். இலண்டன் ஆய்வுகள் நோயின் தோற்றத்தைப் பற்றியன அல்ல. அதன் மீள்வருகையையே கூறின. இலங்கை நோயாளரை ஐந்தாண்டு தொடர்ந்து நோக்கிய நான்சி வக்ஸ்லர், 1979இல், இங்கு பலர் மேலைநாட்டவரை விட நன்றாயிருப்பதைக் காட்டி, குடும்பமும் சமூகமும் நோயை நோக்கும் முறையை அதற்குக் காரணமாகக் கொண்டார். அதனை நம் சமூகத்துக்குக் கிடைத்த நற்சான்றிதழாக மாட்டிவைப்பதற்கில்லை. ஒரு நாட்டின் எல்லா வீடுகளும் ஒரே குரலிற் பேசுவதில்லை.

1982இல் லெப் குழுவினர் கடுமையான குரலுடைய 24 குடும்பங்களை இரு கூறாக்கினர். இரு கூற்றிலும் நோயாளர் மருந்துண்டனர். வழமையான சிகிச்சை மட்டும் பெற்ற கூற்றில் ஒன்பது மாதத்தில் அரைவாசிப்பேர் மீண்டும் நோயுற, மற்றைய கூற்றில் ஒருவரே நோயுற்றார். அக்கூற்றைச் சேர்ந்த உறவினர்க்கு நோய் பற்றிய விளக்கம் தரப்பட்டதோடு, அமைதியான வீடுகளைச் சேர்ந்த உறவினரும் அவர்களோடு ஒரே வட்டத்தில் இருத்தப்பட்டனர். காலையில் எழும்பாத மகனோடு எவ்வாறு பேசுவது என்பதை அவர்கள் அங்கே மருத்துவரிடமன்றி, அதே துன்பத்தை அறிந்த மற்றொரு தாயிடமே கேட்டறிந்தனர்.